மூன்று வருடத்துக்குக் கட்டிய கப்பல்

கற்பனையாக ஒரு நாட்டை உருவாக்கிப் பார்ப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. முதலில் ஒரு மேப் போடுவார்கள். அப்புறம் கொடி, நாணயம், தலைநகரம், ராஜ வம்சம். எல்லாம் முடிந்தபின் ராணுவம். ராணுவம் என்று வந்துவிட்டால் கடற்படை இல்லாமல் எப்படி? கடற்படை என்று வந்துவிட்டால் விமானந்தாங்கிக் கப்பல் இல்லாமல் எப்படி?

அதுவும் ஒரே ஒரு கப்பல் போதாது. ஒரே டிசைனில் வரிசையாகக் கட்டப்படும் கப்பல்களைக் கடற்படைக்காரர்கள் ஒரு 'கிளாஸ்' என்பார்கள். தமிழில் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கற்பனை நாட்டுக்கு ஒரு முழு வகுப்பே வேண்டும். 1950 வாக்கில் எட்டுக் கப்பல்கள். ஒவ்வொன்றும் 60,000 டன். வேகம் 33 நாட். ஒவ்வொன்றிலும் நூறு ஜெட் விமானங்கள். சரி, நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு என்று பார்த்தால் 90 லட்சம்!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கற்பனைக்குக் காசா, பணமா? காகிதத்தில் இரும்புக்கு விலை கிடையாது. ஆனாலும் இப்படிப்பட்ட கடற்படைகளைப் பற்றிப் படிக்கும்போது ஏதோ ஒன்று ஒட்டாமல் நிற்கிறது. அது என்ன? டன் கணக்கு மட்டுமல்ல. அந்தக் கப்பல்களுக்குக் குறை என்பதே இல்லை. நிஜக் கப்பல் எதுவும் அப்படி இருந்ததில்லை. ஒரு கப்பலின் குணம் அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்பதில் பாதிதான் தெரியும். அதைக் கட்டும்போது எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதில்தான் மீதிப் பாதி தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நடுத்தர நாட்டின் கடற்படை எப்படிப்பட்ட கப்பலை வைத்திருக்கும் என்று கற்பனை செய்யவே வேண்டாம். அந்தக் கப்பல் நிஜமாகவே இருந்தது. ஒரு கடற்படையில் அல்ல, எட்டு நாடுகளின் கடற்படைகளில். ஆனால் கற்பனைக் கடற்படைக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

அவசரத்தில் பிறந்த டிசைன்

1941 டிசம்பர் 10. மலேயாவின் கிழக்குக் கடலில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அந்தக் கப்பல்களுக்கு மேலே பாதுகாப்புக்கு ஒரு விமானம்கூட இல்லை. அதற்கு முன்பே பிரிட்டன் கரேஜியஸ் (1939), குளோரியஸ் (1940), ஆர்க் ராயல் (1941) என்று மூன்று பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்திருந்தது.

ஆக, விமானந்தாங்கிகள் வேண்டும். நிறைய வேண்டும். உடனே வேண்டும். ஆனால் பெரிய கப்பல் கட்டப் பல வருடம் ஆகும். தடித்த இரும்புக் கவசத் தளம் கொண்ட இல்லஸ்ட்ரியஸ் கப்பலுக்கு 1937 ஏப்ரலில் வேலை ஆரம்பித்து 1940 மே மாதம்தான் கடற்படையில் சேர்ந்தது. அதாவது மூன்று வருடம். போர் அவ்வளவு நாள் காத்திருக்குமா?

அப்போது பிறந்ததுதான் '1942 லைட் ஃப்ளீட் கேரியர்' என்ற டிசைன். இதன் முதல் பத்துக் கப்பல்கள் கொலோஸஸ் வகுப்பு. கொஞ்சம் பலப்படுத்தப்பட்ட அடுத்த ஆறு, மெஜஸ்டிக் வகுப்பு. மொத்தம் பதினாறு.

இந்த டிசைனின் சிறப்பே அதில் இல்லாத விஷயங்கள்தான். கவசம் கிடையாது. பெரிய பீரங்கி கிடையாது. அதிவேகம் கிடையாது, 25 நாட்தான். எடை 13,200 டன். எரிபொருள், விமானம், ஆயுதம் எல்லாம் ஏற்றினால் சுமார் 18,000 டன். முக்கியமான விஷயம் என்னவென்றால், உடல் பகுதியைப் போர்க்கப்பல் விதிப்படி கட்டாமல் லாய்ட்ஸ் நிறுவனத்தின் வர்த்தகக் கப்பல் விதிப்படி கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். போர்க்கப்பலே கட்டிப் பழகாத தளங்களும் இதைக் கட்டலாம் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு முடிவு. இந்தக் கப்பல்களின் ஆயுள் மூன்று வருடம் அல்லது போர் முடியும் வரை. அதற்கு மேல் இவை உழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்றைய பாஷையில் சொன்னால் யூஸ் அண்ட் த்ரோ.

வேடிக்கை என்னவென்றால், எந்தப் போருக்காக இவ்வளவு அவசரமாகக் கட்டினார்களோ அந்தப் போரில் இவை ஒரு குண்டுகூடப் போடவில்லை. முதல் கப்பலான கொலோஸஸ் 1944 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. கொலோஸஸ், குளோரி, வெனரபிள், வெஞ்சன்ஸ் ஆகிய நான்கும் பசிபிக் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஆனால் சண்டையில் இறங்கும் முன்பே ஜப்பான் சரணடைந்துவிட்டது. இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எட்டு நாட்டுக் கொடிகள்

போர் முடிந்ததும் பிரிட்டனிடம் பணம் இல்லை, கப்பல் மட்டும் மிச்சம். மற்ற நாடுகளிடம் விமானந்தாங்கி ஆசை இருந்தது, பெரிய கப்பல் வாங்க வசதி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே பொருந்தியது இந்தச் சின்னக் கப்பல்தான்.

கொலோஸஸ் 1946ல் பிரான்சுக்குப் போய் 'அரோமான்ஷ்' ஆனது. வெனரபிள் 1948ல் நெதர்லாந்துக்குப் போய் 'கரேல் டோர்மன்' ஆனது. அதுவே பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய் 'வெய்ன்டிசின்கோ தெ மாயோ' ஆனது. வாரியர் கொஞ்ச நாள் கனடாவில் இரவல், பின்பு அர்ஜென்டினாவின் 'இன்டிபென்டென்சியா'. வெஞ்சன்ஸ் கொஞ்ச நாள் ஆஸ்திரேலியாவில் இரவல், பின்பு பிரேசிலின் 'மினாஸ் ஜெராய்ஸ்'. மெஜஸ்டிக் வகுப்பில் மெஜஸ்டிக், டெரிபிள் இரண்டும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் முறையே 'மெல்பர்ன்', 'சிட்னி' ஆயின. மேக்னிஃபிசென்ட், பவர்ஃபுல் இரண்டும் கனடாவுக்கு. பவர்ஃபுல் அங்கே 'பொனவெஞ்சர்' ஆனது. ஹெர்குலிஸ் இந்தியாவின் 'விக்ராந்த்'. லெவயதன் மட்டும் கடைசிவரை கட்டி முடிக்கப்படாமலே 1968ல் உடைக்கப்பட்டது. அதன் பாய்லர்கள்கூட வீணாகவில்லை, கரேல் டோர்மனுக்குள் போய்ச் சேர்ந்தன.

பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா, அர்ஜென்டினா, பிரேசில். எட்டு நாடுகள்! அதே காலத்தில் 'மால்டா வகுப்பு' என்று பிரம்மாண்டமான டிசைன் ஒன்றும் பிரிட்டனில் இருந்தது. எடை 45,000 டன்னுக்கும் மேல். 1943ல் நான்கு கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒன்றுக்குக்கூட அடித்தளம் போடவில்லை. 1945ல் ரத்து. கற்பனைக் கடற்படைக்காரர்களுக்கு இந்த மால்டா மீதுதான் ஆசை. அதுவும் ஒரு வகையில் நியாயம்தான். கட்டவே படாத கப்பலுக்கு ஒருபோதும் பாய்லர் கெடாது!

எளிமையின் லாபம்

இந்தச் சின்னக் கப்பல்கள் வெறுமனே கொடி காட்டிக்கொண்டு நின்றன என்று நினைத்தால் தப்பு.

1945 டிசம்பர் 3 அன்று எரிக் பிரவுன் என்ற பைலட் ஒரு 'சீ வாம்பயர்' விமானத்தை ஓஷன் கப்பலின் தளத்தில் இறக்கினார். ஜெட் எஞ்சினை மட்டுமே நம்பியிருக்கும் விமானம் ஒரு கப்பலில் இறங்கியது அதுதான் முதல் தடவை. நீராவி கேடபல்ட் என்ற கருவி, அதாவது விமானத்தைக் கவணில் வைத்து எறிவதுபோல் வானில் ஏற்றும் கருவி, 1950களின் தொடக்கத்தில் பெர்சியஸ் கப்பலில் சோதிக்கப்பட்டது. ஓடுதளத்தைச் சற்றே சாய்வான கோணத்தில் அமைக்கும் யோசனையை 1952ல் ட்ரையம்ப் கப்பலின் தளத்தில் பெயின்டால் கோடு போட்டே சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கோட்டின்மேல் விமானங்கள் தொட்டுவிட்டு மறுபடி பறந்தன. இந்த இரண்டு யோசனைகளும் பின்னால் அமெரிக்கா முதல் எல்லாருடைய விமானந்தாங்கிகளையும் மாற்றிவிட்டன. சோதனைக் களமாக இருந்தவை இந்த 'மட்டமான' கப்பல்கள்தான்.

கொரியப் போரில் (1950-53) ட்ரையம்ப், தீசியஸ், குளோரி, ஓஷன் ஆகிய நான்கோடு ஆஸ்திரேலியாவின் சிட்னியும் முறை வைத்து வேலை பார்த்தன. 1952 ஆகஸ்டில் ஓஷனிலிருந்து கிளம்பிய, முன்னால் விசிறி சுழலும் பழைய ரக சீ ஃப்யூரி விமானங்கள் ஒரு மிக்-15 ஜெட்டையே சுட்டு வீழ்த்தின. 1956 சூயஸ் சண்டையில் ஓஷன், தீசியஸ் இரண்டிலிருந்தும் ஹெலிகாப்டர்கள் கிளம்பிப் படைவீரர்களைக் கரையில் இறக்கின. போரின் நடுவே கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஒரு படையைக் கொண்டுபோய் இறக்கியது அதுதான் முதல் தடவை.

இதில் பெருமைப்பட முடியாத வேலைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிரான்சின் அரோமான்ஷ், வியட்நாமியர்களின் சுதந்திரப் போரை அடக்கப் பயன்பட்டது. 1954ல் தியன் பியன் பூ சண்டையில் அதன் விமானங்கள் குண்டு போட்டன. சூயஸ் சண்டையும் அப்படித்தான். நல்ல டிசைன் நல்ல காரியத்துக்குத்தான் பயன்படும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான ஒப்பீடு. கவசத் தளம் கொண்ட பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் போரில் பிரமாதமாக உழைத்தன. ஆனால் போருக்குப் பின் அந்தக் கவசமே அவற்றுக்கு வினையானது. விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. கப்பலை மாற்றியமைக்க வேண்டும் என்றால் அந்த இரும்புத் தளத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும். விக்டோரியஸ் கப்பலை மாற்றிக் கட்ட 1950ல் ஆரம்பித்து 1958ல்தான் முடிந்தது. எட்டு வருடம்! செலவைப் பார்த்து மற்றவற்றைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். இம்ப்ளேகபிள் வகுப்பின் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, வெறும் 14 அடி உயரம். கவசம் இல்லாத கொலோஸஸின் ஹேங்கரோ 17 அடி 6 அங்குலம். மலிவான கப்பலில் இடம் அதிகம். கழற்றி மாட்டுவதும் சுலபம். அதனால்தான் மெல்பர்ன், விக்ராந்த், பொனவெஞ்சர் போன்றவற்றில் சாய்கோணத் தளத்தையும் நீராவி கேடபல்டையும் பொருத்த முடிந்தது.

எளிமையாகக் கட்டப்பட்ட பொருளை மாற்றுவது சுலபம். 'எல்லாம் இருக்கிறது' என்று கட்டப்பட்ட பொருளில் கை வைக்க இடமே இருக்காது.

எளிமையின் விலை

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் இதுவும் ஒரு கற்பனைக் கதைதான். மலிவு விலைக் கப்பல் மகத்தான கப்பல் என்று பாட்டுப் பாடிவிட்டுப் போகலாம். உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை.

மூன்று வருடத்துக்கான கப்பலை முப்பது வருடம் ஓட்டினால் என்ன ஆகும்? 1945ல் இவற்றில் ஏறிய சீஃபயர் விமானம் சுமையோடு சுமார் மூன்றரை டன். பின்னாளில் மெல்பர்னிலும் அர்ஜென்டினாவின் கப்பலிலும் ஏறிய ஸ்கைஹாக் ஜெட் 11 டன் வரை. கப்பலின் நீளம் மட்டும் அதேதான். வேகமும் அதே 25 நாட்தான், அதுவும் பாய்லர்கள் நன்றாக இருந்தால்! விமானந்தாங்கி என்பது காற்றை எதிர்த்து ஓடினால்தான் விமானத்தைத் தூக்கிவிட முடியும். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றின் வேகமும் சேர்ந்து கிடைக்கும் பலத்தில்தான் இறக்கைகள் எழும்பும். கப்பல் மெதுவாகப் போனால் மீதியைக் காற்றுதான் தர வேண்டும்.

இதற்கு இரண்டு காட்சிகள் போதும். இரண்டிலும் ஒரே டிசைனில் பிறந்த அக்கா தங்கைக் கப்பல்கள்.

முதல் காட்சி 1971. ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1943ல் பெல்ஃபாஸ்டுக்குப் போகும் முன்பே வேலை ஆரம்பித்து, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்ட கப்பலை 1957ல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்டில் வேலையை முடித்து 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் ஆக்கியது. 1965 போரின்போது விக்ராந்த் பழுதுபார்க்கும் தளத்தில் கிடந்தது. இருக்கிற ஒரே விமானந்தாங்கி, தேவைப்பட்ட நேரத்தில் இல்லை. 1971லும் நிலைமை சரியில்லை. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை வைத்துக்கொண்டு சுமார் 16 நாட் வேகம்தான் போக முடிந்தது. போகலாமா, வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது.

கடைசியில் போனது. மேற்குக் கடலுக்கு அல்ல, வங்காள விரிகுடாவுக்கு. அங்கே எதிரியின் விமான பலம் மிகக் குறைவு. பெரிய பயம் காசி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி மட்டும்தான். விக்ராந்த் அந்தமானில் மறைந்திருக்க, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோல் போலிச் செய்திகள் பரப்பப்பட்டன. காசி விசாகப்பட்டினத்துக்கு வெளியே டிசம்பர் 3-4 இரவில் மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீ ஹாக், அலிசே விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைபட்டது. நொண்டிக் காலோடு போன கப்பல் காரியத்தை முடித்துவிட்டு வந்தது.

இரண்டாவது காட்சி 1982. தெற்கு அட்லாண்டிக். ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை. மே 2 விடியும்போது வெய்ன்டிசின்கோ தெ மாயோ, அதாவது பழைய வெனரபிள், ஸ்கைஹாக் ஜெட்களில் குண்டு பூட்டித் தயாராக நின்றது. பிரிட்டிஷ் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்றும் ஓரளவு தெரியும். ஆனால் எப்போதும் பேய்க்காற்று வீசும் அந்தக் கடலில் அன்றைக்குக் காற்று இல்லை! பழைய எஞ்சின்களின் வேகத்தை மட்டும் வைத்து, முழுச் சுமையோடு ஜெட்களைத் தூக்கிவிட முடியவில்லை. தாக்குதல் கைவிடப்பட்டது. அன்று மாலையே ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினக் கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. விமானந்தாங்கி துறைமுகத்துக்குத் திரும்பியது. அதன் ஸ்கைஹாக்குகள் சண்டையின் மீதி நாட்களைக் கரையிலிருந்துதான் பறந்து தீர்த்தன.

ஒரே டிசைன். இரண்டிலும் வயசான எஞ்சின். ஒன்று ஜெயித்தது, இன்னொன்று திரும்பி வந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாமா? பாதிதான் சொல்லலாம். விக்ராந்தை அனுப்பியவர்கள் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று கணக்குப் போட்டு, முடிகிற வேலையை மட்டும் கொடுத்தார்கள். எதிரி பலமாக இருந்த அரபிக் கடலுக்கு அதை அனுப்பவில்லை. சீ ஹாக் சின்ன விமானம், அந்தக் கப்பலின் அளவுக்கு ஏற்றது. அர்ஜென்டினாவின் கப்பலோ உலகின் முன்னணிக் கடற்படைகளில் ஒன்றை, அதன் அணுசக்தி நீர்மூழ்கிகள் சுற்றித் திரியும் கடலில், கனமான ஜெட்களை வைத்து எதிர்கொள்ள வேண்டியிருந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். 1971ல் அது இருந்தது, 1982ல் இல்லை.

யானையைக் கட்டித் தீனி போடுவது

இன்னொரு பக்கமும் உண்டு. கனடா தன் பொனவெஞ்சரை 1966-67ல் பெரும் செலவில் பழுதுபார்த்துப் புதுப்பித்தது. மூன்றே வருடத்தில், 1970ல், அதே கப்பலை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. வாங்குவது ஒரு நாள் செலவு, வைத்திருப்பது தினசரிச் செலவு என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

பிரேசில் கதை இன்னும் விசேஷம். 1956ல் கப்பலை வாங்கியாயிற்று. ஆனால் அதில் ஏறும் விமானங்கள் யாருக்குச் சொந்தம்? கடற்படைக்கா, விமானப்படைக்கா? சண்டை வருடக்கணக்கில் நடந்தது. 1965ல் ஒரு தீர்ப்பு வந்தது. இறக்கை விமானங்கள் எல்லாம் விமானப்படைக்கு, கடற்படைக்கு ஹெலிகாப்டர் மட்டும். கப்பல் ஒருவருடையது, அதன் விமானம் இன்னொருவருடையது! 1998ல்தான் கடற்படைக்குச் சொந்தமாக இறக்கை விமானம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதற்குள் கப்பலுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2001ல் மினாஸ் ஜெராய்ஸ் ஓய்வு பெற்றது. 1945ல் வெஞ்சன்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 56 வருடம். மூன்று வருடம் போதும் என்று கட்டிய கப்பல்! கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஒரு போரிலும் குண்டு போடவில்லை. ஆனால் 1964ல் தன் சொந்த நாட்டு வாயேஜர் கப்பலோடும், 1969ல் அமெரிக்காவின் ஃப்ராங்க் இ. எவன்ஸ் கப்பலோடும் மோதியது. முதல் விபத்தில் 82 பேர், இரண்டாவதில் 74 பேர் இறந்தார்கள். இரவில், ஒரு பெரிய கப்பலைச் சுற்றிச் சின்னக் கப்பல்கள் இடம் மாறும் பயிற்சி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த 156 பேர் சாட்சி. கற்பனைக் கடற்படைகளின் வரலாற்றில் எதிரி கையால் செத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். பயிற்சியில் செத்தவர்கள் வருவதே இல்லை.

அப்படியானால் கற்பனைக் கடற்படைக்கு என்ன கப்பல்?

சிலர் கேட்கலாம். விளையாட்டுக்கு எழுதும் விஷயத்தில் இவ்வளவு கணக்கு எதற்கு, கற்பனையிலும் கஞ்சத்தனமா என்று. கேள்வி நியாயமானது. பதில் இதுதான். ஒரு நாட்டைக் கற்பனை செய்கிறவர், நாடு என்றால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். எட்டுப் பிரம்மாண்டக் கப்பல் வைத்திருக்கும் 90 லட்சம் பேர் நாட்டில், அந்தக் கப்பல்களுக்காக எத்தனை பள்ளிக்கூடம் கட்டப்படவில்லை என்ற கேள்வி எழுவதே இல்லை. இந்தப் பழக்கம் விளையாட்டோடு நின்றால் பரவாயில்லை. நிஜ நாடுகளின் ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போதும் டன்னையும் நாட்டையும் மட்டும் எண்ணிப் பார்த்துக் கைதட்டும் பழக்கமாக அது வளர்கிறது. யாருடைய கப்பல் பெரிசு என்ற கேள்விக்கு மேல் பேச்சு நகருவதில்லை.

கொலோஸஸ், மெஜஸ்டிக் கப்பல்களின் கதை அந்தப் பழக்கத்துக்கு நல்ல மருந்து. அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் கற்பனை நாட்டுக்குக் கப்பல் கட்டினால் எப்படி இருக்கும்?

எட்டு இருக்காது, மூன்று இருக்கும். அதில் எப்போதும் ஒன்று பழுதுபார்க்கும் தளத்தில், ஒன்று பயிற்சியில், ஒன்றுதான் கடலில். 60,000 டன் இருக்காது, 18,000 டன் இருக்கும், அதுவும் வேறொரு நாட்டிடம் பாதி விலைக்கு வாங்கியதாக இருக்கும். கப்பல் வரும் முன்பே அதன் விமானம் யாருடையது என்று இரண்டு படைத் தளபதிகள் அடித்துக்கொள்வார்கள். பாராளுமன்றத்தில் ஒரு எம்.பி. பாய்லர் செலவைப் பற்றிக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலுக்குள் நெருக்கியடித்துப் படுத்து எழுவார்கள். இருபது வருடம் கழித்து ஜெட்கள் கனமாகிவிட்டன, என்ன செய்வது என்று அதிகாரிகள் கை பிசைவார்கள். அப்படிப்பட்ட கடற்படையை யாராவது எழுதினால் அதை நம்பலாம். அந்த நாட்டு மக்களைக்கூட மனசில் பார்க்கலாம்.

பழைய விக்ராந்த் 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-15ல் உடைக்கப்பட்டது. அதன் பெயரில் புதிய கப்பல் ஒன்று, கொச்சியில் கட்டப்பட்டது, 2022 செப்டம்பர் 2 முதல் கடற்படையில் இருக்கிறது. பழையதைவிடப் பல மடங்கு பெரிது. அதைப் பற்றிப் பேசும்போதும் எத்தனை டன் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ன வேலைக்கு, எத்தனை நாள் கடலில், எந்தச் செலவில் என்றெல்லாம் கேட்பதுதான் மரியாதை. கப்பலுக்கும் மரியாதை, அதற்குக் காசு கொடுத்தவர்களுக்கும் மரியாதை.

கற்பனைக் கப்பல் வரைகிறவர்கள் வரையட்டும். ஆனால் எடை, வேகம், விமான எண்ணிக்கை என்ற மூன்று கட்டங்களை நிரப்பியபின் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளட்டும்: காற்று வீசாத நாளில் இந்தக் கப்பல் என்ன செய்யும்?